காந்தப்புலத்தில் சக்தி உண்டா?



காந்தவியல் ஆய்வரங்கு ஒன்றைப் புத்தளத்தில் கூட்டியது மிகப் பொருத்தம். கற்பிட்டிப் பாதையில் போனால் நுரைச்சோலை வரும். அங்குள்ள மின்நிலையத்தில் 300 மெகாவாற்று வீதம் மூன்று மின்பிறப்பாக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் நிமிடத்துக்கு 3000 தடவை சுழல்வது ஒரு மின்காந்தம்.

அந்தக் காந்தத்தின் புலத்தில் சக்தி இருக்கிறதா? ஐயப்படுபவர்களிடம் நல்ல நியாயம் உண்டு. இயங்கும் ஏற்றத்தின் மீது காந்தவிசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்தாகவே தாக்கும். ஆகவே அது வேலை செய்வதில்லை. வேலை செய்யாததிடம் சக்தி எப்படி இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டால், தயவுசெய்து அதட்டி உட்கார வைக்காதீர்கள். பாடத்தின் உயிர்நாடியை அவள் தொட்டுவிட்டாள். காந்தப்புலம் மாறும்போது மின்புலம் பிறக்கிறது. வேலை செய்வது அந்த மின்புலம். சுருளில் மின்னோட்டத்தை ஏற்ற அதற்கு எதிராக மின்கலம் உழைக்கிறது. அந்த உழைப்பே புலத்தில் சேமிப்பாகிறது. சக்தி கம்பிக்கு வெளியே, புலம் பரந்த வெளியிலும் உறைகிறது என்பதை 1865இல் வெளிவந்த கட்டுரையில் மக்ஸ்வெல் எடுத்துரைத்தார்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். பழைய டியூப்லைட் சோக் (இரும்பில் சுற்றிய கம்பிச் சுருள்) ஒன்று, 9 வோல்ற்று பற்றரி, டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன நியோன் குமிழ் போதும். குமிழைச் சோக்கின் இரு முனைகளிலும் இணையுங்கள். பற்றரியைத் தொடுத்தால் குமிழ் எரியாது. அதற்கு 9 வோல்ற்று காணாது. இணைப்பை எடுக்கும் கணத்தில் செம்மஞ்சளாகப் பளிச்சிடும். கம்பி முனையை மட்டும் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். அதே கம்பியை இரும்பிலிருந்து அவிழ்த்து நீளமாக விரித்துச் செய்தால் அந்தப் பளிச்சைக் காண முடியாது. கம்பியும் மின்னோட்டமும் மாறவில்லை, மாறியது புலம்தான்.

ஆனால் புலத்தில் சக்தி உண்டு என்பதை அளவு தெரியாமல் சொல்வது ஆபத்து. 1 தெசுலாப் புலத்தில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 4 இலட்சம் யூல் இருக்கிறது. நுரைச்சோலையின் ஒரு பிறப்பாக்கி அவ்வளவையும் செக்கனின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்குள் வெளியே தள்ளிவிடும். நம் புத்தளம் களப்பின் மீது பரந்திருக்கும் பூமியின் புலமோ ஒரு கன கிலோமீற்றர் முழுவதிலும் கால் அலகு மின்சாரத்துக்குக் கூடக் காணாது. காந்தப்புலம் சக்தியின் களஞ்சியம், ஊற்று அல்ல. நுரைச்சோலையில் எரிவது நிலக்கரிதான். இந்த வேறுபாட்டை நாம் அழுத்திச் சொல்லாததால்தான், காந்தத்தால் ஓயாமல் ஓடும் இயந்திரம் என்று வீடியோவில் காட்டுபவர்களிடம் படித்த பிள்ளைகளே காசைப் பறிகொடுக்கிறார்கள்.

ஆசிரியர்களே, சுருளில் சேமித்த சக்திக்கான ½LI² என்ற சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் அந்தக் குமிழை ஒருமுறை மினுக்கிக் காட்டுங்கள். ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.