நீர்யானைக்கு என்ன நிறம்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மண்டபத்துச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய நீர்யானைப் படங்கள் அங்கே தொங்குகின்றன. "டீச்சர், நாங்க பாடுபட்டுப் பிள்ளைங்கள அனுப்புறது கலர் அடிக்கிறதுக்கா? படிப்பு எப்போ?" என்று ஒரு தந்தையார் கேட்டார். நியாயமான கேள்விதான். விடியுமுன் பனியில் இறங்கி உழைப்பவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் திரிங்காப் மலையில் யானைக்குட்டியையே காணாத பிள்ளைகள் உண்டு. நீர்யானைக்கு எங்கே போவது? அதன் நாடு ஆப்பிரிக்கா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் 'மூ டெங்' குட்டியைப் பார்த்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் தாய்லாந்தின் சோன்புரியில் உள்ள விலங்கியல் பூங்கா ஒன்றில் பிறந்த குட்டி அது. ஆனால் அது குள்ள நீர்யானை இனம். வளர்ந்தாலும் 250 கிலோ அளவில் நின்றுவிடும். பெரிய நீர்யானையோ 1,500 கிலோவையும் தாண்டும். கைப்பேசியில் படம் ஓடிவிடுகிறது. "அதுக்குக் காது எங்கே இருக்கு?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. கையில் வண்ணக்கோலைக் கொடுத்தால்தான் கண் ஓரிடத்தில் நின்று பார்க்கிறது.

முதலில் பெயரைச் சொல்லிக் கொடுத்தோம். தமிழில் நீர்யானை என்கிறோம். மலாயில் பாடாக் ஆயேர், அதாவது நீர்க் காண்டாமிருகம். பழைய கிரேக்கர்கள் ஆற்றுக் குதிரை என்றார்கள். அது யானையும் இல்லை, காண்டாமிருகமும் இல்லை, குதிரையும் இல்லை. இன்று உயிரோடு இருக்கும் பிராணிகளில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் திமிங்கலமும் ஓங்கிலும்தான். இதைக் கேட்டதும் வகுப்பே வாய் பிளந்தது.

பிறகுதான் வண்ணம். முதல் வேலை, தண்ணீருக்கு நீலம். எதுவரை அடிப்பது? கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேல்பக்கத்தில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். உடம்பு முழுவதும் தண்ணீரில் இருந்தாலும் அது பார்க்கலாம், கேட்கலாம், மூச்சு விடலாம். மூழ்கும்போது மூக்கையும் காதையும் மூடிக்கொள்ளும். ஐந்து நிமிடம் வரை உள்ளேயே இருக்கும். இவ்வளவு பெரிய பிராணி மீன் மாதிரி நீந்துவதில்லை. ஆற்றின் அடியில் காலூன்றி நடக்கிறது.

இரண்டாவது, வானத்துக்குக் கருப்பு. "ஏன் டீச்சர் ராத்திரி?" என்றார்கள். பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் அது கரையேறிப் புல் மேய்கிறது. ஓர் இரவில் ஏறக்குறைய 40 கிலோ புல் தின்னும். ஆகவே கரையில் பச்சை.

மூன்றாவது, வாய்க்கு இளஞ்சிவப்பு, பல்லுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை. கோரைப் பல் அரை மீட்டர் நீளம்கூட வளரும். கதைப் புத்தகங்களில் நீர்யானை சிரிப்பது போல் வரைவார்கள். நிஜத்தில் அது வாயை அகலத் திறப்பது பெரும்பாலும் "கிட்டே வராதே" என்று மிரட்டுவதற்காக. சாதுவான பிராணி என்று நம்பிவிடக் கூடாது.

கடைசியாக உடம்பு. சாம்பல் நிறம், அதில் சற்று ஊதா. கண்ணோரத்திலும் காதோரத்திலும் இளஞ்சிவப்பு. ஒரு பிள்ளை மட்டும் முதுகு பூராவும் சிவப்பை அப்பிவிட்டது. மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் படத்தை நான் எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினேன். நீர்யானையின் தோலில் ஒருவகைப் பசை சுரக்கிறது. முதலில் நிறமில்லாமல் இருந்து, சில நிமிடங்களில் சிவந்து, பிறகு பழுப்பாகிவிடும். இரத்த வேர்வை என்றே மக்கள் நினைத்தார்கள். 2004-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் உள்ள சிவப்பு, செம்மஞ்சள் நிறப்பொருள்களைப் பிரித்தறிந்து சொன்னார்கள். அவை கடும் வெயிலிலிருந்து தோலைக் காக்கின்றன. சிவப்புப் பொருள் நோய்க் கிருமிகளையும் வளரவிடாது. ஆகவே சிவப்பு நீர்யானையும் உண்மையான நீர்யானைதான். அந்தப் படமும் இதே சுவரில் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

இன்னொரு செய்தியும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். இன்று நீர்யானையின் இயற்கையான வாழிடம் ஆப்பிரிக்கா மட்டுமே. ஆனால் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலும், இலங்கையிலும், நமக்கு அடுத்த ஜாவாத் தீவிலும் நீர்யானை இனங்கள் வாழ்ந்தன. நர்மதை ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், இலங்கையில் இரத்தினபுரி மாணிக்கச் சுரங்க மண்ணிலும் அவற்றின் எலும்பும் பல்லும் கிடைத்திருக்கின்றன. அறிவியல், பூகோளம், மொழி எல்லாம் ஒரே தாளில் வந்துவிட்டன.

பெற்றோர்களே, "எனக்கு எழுத்து வராது டீச்சர், நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று சில தாய்மார்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். அம்மா, அப்படிச் சொல்லாதீர்கள். தேயிலை மலையில் நமக்கெல்லாம் ஒரே பச்சைதான் தெரிகிறது. நீங்களோ தளிர்ப் பச்சை எது, முற்றிய பச்சை எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறீர்கள். அந்தக் கண்ணைத்தான் இந்தப் பாடமும் உங்கள் பிள்ளைக்குத் தர முயல்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைச் செடியண்டை நிறுத்தி, "இதில் எத்தனை பச்சை இருக்கு சொல்லு" என்று கேளுங்கள். அது எண்ணட்டும். நீங்கள் திருத்துங்கள்.

கலர் பென்சில் வாங்க முடியாத மாதத்தில் அடுப்புக்கரியும் மஞ்சள்தூளும் போதும். வசதி கிடைக்கும்போது தைப்பிங் பூங்காவுக்கோ, கோலாலம்பூருக்கு அருகே 1963-இல் துங்கு அவர்கள் திறந்துவைத்த நெகாரா விலங்கியல் பூங்காவுக்கோ அழைத்துப் போங்கள். அங்கே நீர்யானையின் முன் நிற்கும்போது, "அப்பா, காதைப் பாருங்க, மூடப் போகுது!" என்று பிள்ளை உங்களுக்குச் சொல்லும்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் வண்ணமில்லாத நீர்யானை ஒன்று அச்சாகியிருக்கிறது. இன்றிரவு பிள்ளையோடு உட்கார்ந்து தீட்டுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் "ஏன்?" என்று கேளுங்கள்.