யோபு தொடுத்த வழக்கு: எபிரேய ஞான நூல்களில் ஐயம்

(மருதானையில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



இந்த நினைவுச் சொற்பொழிவு ஓர் ஆசிரியரின் பெயரால் நடப்பது. கேள்வி கேட்ட பிள்ளையை அவர் ஒருநாளும் அடக்கி உட்காரவைத்ததில்லை என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே கடவுளையே கேள்வி கேட்டவர்களைப் பற்றிப் பேச இந்த மேடை பொருத்தமானது என்று துணிந்தேன்.

1. வாதக் காலம்

இடமும் பொருத்தமானதுதான். ஆனந்தாக் கல்லூரி 1886இலும், ஸாஹிராக் கல்லூரி 1892இலும், புனித சூசையப்பர் கல்லூரி 1896இலும் தொடங்கின. பத்தே ஆண்டுகளுக்குள் பௌத்தர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் என மூன்று சமயத்தாரும் மருதானையில் தத்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டுவிட்டார்கள். அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு நெடிய வாதக் காலம் இருந்தது. 1873 ஆகஸ்டில் நடந்த பாணந்துறை விவாதத்தில், கொட்டாஞ்சேனை விகாரையைச் சேர்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பழைய ஏற்பாட்டையே விரித்து வைத்துக்கொண்டு பாதிரிமாரை மடக்கினார்.

தமிழில் அந்த வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, பாதிரிமாருக்கு மறுப்பாக நாவலர் எழுதிய ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது. விவிலியத்தை வரிவரியாகக் கற்ற ஒருவரால்தான் அப்படியொரு மறுப்பை எழுத முடியும்.

ஆனால் நாவலரும் தேரரும் வெளியே நின்று கேட்டவர்கள். அவர்கள் கேட்டதைவிடக் கடுமையான கேள்விகள் விவிலியத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் அந்த மரபின் சொந்தப் பிள்ளைகள். கேட்ட கேள்விகளை அழிக்காமல் புனித நூலின் நடுவே வைத்துக் காத்ததும் அதே மரபுதான்.

2. நல்லவனுக்கு நன்மை

எபிரேய ஞான நூல்கள் என்று முதன்மையாகச் சொல்லப்படுபவை மூன்று: நீதிமொழிகள், யோபு, பிரசங்கி. கடைசி நூலைக் கத்தோலிக்க அன்பர்கள் சபை உரையாளர் என்ற பெயரில் அறிவார்கள்.

நீதிமொழிகளின் உலகம் பெரும்பாலும் ஒழுங்கானது. உழைத்தவன் உண்பான், சோம்பேறி கெடுவான், நீதிமான் தழைப்பான், துன்மார்க்கன் வேரோடு போவான். பிள்ளை வளர்க்க இது நல்ல பாடம். இந்தப் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பும்போதுதான் ஆபத்து வருகிறது. நல்லவன் தழைப்பான் என்றால், தழைக்காதவன் நல்லவன் அல்லன் என்றாகிறது. அழுகிறவனைப் பார்த்து, நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்கும் உரிமையை அது பார்ப்பவனுக்குக் கொடுத்துவிடுகிறது. யோபு நூல் மோதுவது இந்தத் தலைகீழ்ப் பாடத்தோடுதான்.

3. எலிப்பாஸ் சொன்ன பொய்

கதை தெரிந்ததுதான். ஊத்ஸ் நாட்டு யோபு குற்றமற்றவன். ஏழு மகன்மாரும் மூன்று மகள்மாரும் ஒரே நாளில் இறக்கிறார்கள். செல்வம் போகிறது. உடலெங்கும் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் பேசாமல் கூடவே இருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பிறகு வாய் திறக்கிறார்கள். எலிப்பாஸ் முதலில் பக்குவமாகத்தான் பேசுகிறார்: குற்றமில்லாதவன் அழிந்ததுண்டா என்று யோசித்துப் பார் என்கிறார். பில்தாத் இன்னும் ஒருபடி போய், இறந்த பிள்ளைகளே பாவம் செய்திருக்கலாம் என்று தகப்பனிடம் சொல்கிறார். யோபு இணங்கவில்லை. 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போது அதே எலிப்பாஸ், ஏழைகளின் உடையைப் பறித்தாய், தாகத்தில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, விதவைகளை வெறுங்கையோடு அனுப்பினாய் என்று குற்றங்களை அடுக்குகிறார். யோபு செய்ததாகக் கதையில் எங்கும் இல்லாத குற்றங்கள் அவை. கொள்கையைக் காப்பாற்ற நண்பன் மீது பொய் சொல்லவேண்டிய நிலைக்கு அவர் வந்துவிட்டார். கடவுளுக்காகப் பொய் பேசுகிறீர்களா என்று யோபு அவர்களை முன்பே கேட்டிருந்தான்.

யோபின் பேச்சு முழுவதும் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்காடுபவரின் பேச்சுப்போல ஓடுகிறது. இருதரப்புக்கும் நடுவர் இல்லையே என்கிறான். குற்றப்பத்திரிகையை எழுத்தில் தா என்கிறான். இதோ என் கையொப்பம் என்கிறான். அவன் நம்பிக்கையை விட்டு ஓடவில்லை. கடவுள் இல்லை என்று நினைப்பவன் அவர்மீது வழக்குத் தொடுக்கமாட்டான்.

38ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசுகிறார். ஆளில்லாத பாழ்நிலத்திலும் பெய்யும் மழையை, காட்டுக்கழுதையை, தீக்கோழியைக் காட்டுகிறார். மனிதன் மையமாக இல்லாத ஓர் உலகம் அது. துன்பத்துக்குக் காரணம் சொல்லவில்லை. ஆனால் நீ பாவம் செய்தாய் என்றும் சொல்லவில்லை. நூலின் முடிவில் அவர் கோபப்படுவது எலிப்பாஸ் மீதும் மற்ற இருவர் மீதும். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் தோற்று, கடவுளோடு வாதாடியவன் வென்ற தீர்ப்பு இது.

4. பிரசங்கியின் ஐயம்

யோபு கொதிப்பவன் என்றால் பிரசங்கி ஆறிப்போனவர். நூல் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் எழுந்தது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. ஓட்டத்தில் வேகமானவனே வெல்வான் என்பதில்லை என்கிறார். நீதிமானுக்குத் துன்மார்க்கனின் பலன் கிடைப்பதைக் கண்டேன் என்கிறார். மனிதனின் மூச்சு மேலே போகிறது, மிருகத்தின் மூச்சு கீழே போகிறது என்பதை யார் கண்டது என்றும் கேட்கிறார். இதைப் புனித நூலாக ஏற்கலாமா என்று யூத அறிஞர்களே சண்டையிட்டார்கள். ஷம்மாய் மரபினர் மறுக்க, ஹில்லேல் மரபினர் ஏற்றதை யூத மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்திருக்கிறது. ஏற்றவர்கள் வென்றார்கள். இன்று பல யூதச் சபைகள் இந்நூலை மகிழ்ச்சிப் பெருநாளான கூடாரத் திருவிழாவில் வாசிக்கின்றன.

5. நம் பக்கம்

தமிழும் ஐயத்துக்கு அந்நியமான மொழி அல்ல. மணிமேகலையின் வஞ்சி நகரில், மறுமையை மறுக்கும் பூதவாதியும் தன் கட்சியைச் சொல்கிறான். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பரபக்கத்தில் உலகாயதனுக்கே முதலிடம் தருகிறது. ஆனால் அவர்கள் மறுக்கப்படுவதற்காக அழைக்கப்பட்டவர்கள். யோபுக்கு நெருங்கியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பற்றவன் என்று அவர் புறநானூற்றில் (194) மறுப்புரை எதுவுமின்றிச் சொல்கிறார். இரந்துதான் வாழவேண்டுமென்றால் படைத்தவன் கெடட்டும் என்று வள்ளுவரும் சபிக்கிறார். செத்தவீட்டையும் விருந்துவீட்டையும் பிரசங்கியும் எதிரெதிரே வைக்கிறார். நன்கணியாரும் பிரசங்கியும் வந்து சேரும் இடமும் ஒன்றுதான்: உலகம் கொடியது, அதில் இனியதைத் தேடிக்கொள்ளுங்கள். யோபு மட்டும் அங்கே வந்து நிற்க மறுக்கிறான். அவனுக்குப் பதில் வேண்டும்.

6. எலிப்பாஸ்களாகிய நாம்

2004 டிசம்பர் 26இல் கடல் இந்தத் தீவில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கர்மவினை, கடவுள் சித்தம், சோதனை என்று செத்தவீடுகளில் நாம் சொன்னவை கொஞ்சமல்ல. ஆறுதலுக்காகத்தான் சொன்னோம். எலிப்பாஸும் ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

யோபின் முடிவில் ஆடுமாடுகள் இரட்டிப்பாகின்றன. பிள்ளைகள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே பிறக்கிறார்கள். இறந்த பத்துப்பேர் திரும்பி வரவில்லை. இழப்பீடு வேறு, பதில் வேறு. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்த தாய்மாருக்கு இது தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவர்கள் கேட்டது மரணச் சான்றிதழையும் பணத்தையும் அல்ல, பதிலை. அவர்கள் அரசைக் கேட்டார்கள். யோபு ஆண்டவனைக் கேட்டான். கேட்கும் உரிமை இரண்டு இடத்திலும் ஒன்றே.

ஆகவே நான் முன்வைப்பது இது. எந்தச் சமயத்தவரானாலும் நம் ஆலயங்களில் துதிக்கு இடம் வைத்திருப்பதுபோல முறைப்பாட்டுக்கும் இடம் வைக்கவேண்டும். துன்பத்தில் இருப்பவர் கடவுளைத் திட்டினால், கடவுளுக்காக நாம் எழுந்து வாதாடவேண்டியதில்லை. அந்த வழக்கறிஞர் வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதே யோபு நூலின் தீர்ப்பு.