இது வேற முகாம்

(கூட்டமைப்பின் ஜூன் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு வங்கிக் கடன் பற்றியோ தணிக்கை பற்றியோ பேசப் போறதில்லை. ஒரு சின்னப் பயணத்தைப் பற்றிச் சொல்லப் போறோம். போன மே மாதம் நம்ம உறுப்பினர் ஒருத்தங்க, தன் குடும்பத்தோட சைடு வீல் வண்டியில ரெண்டு நாள் வெளியூர் போயி, ஒரு ராத்திரி தோப்பில் தங்கிட்டு வந்தாங்க. "இதுல பேச என்ன இருக்கு?" என்று நினைக்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். அங்கேதான் எங்கள் தவறு இருந்தது.

அவங்க கேட்டுக்கொண்டபடி பெயரைச் சொல்லவில்லை. 'அக்கா' என்றே சொல்கிறோம். அக்காவுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் வந்து ரெண்டு காலும் போயிடுச்சு. அந்த நோயை உண்டாக்கும் இயற்கையான போலியோ வைரஸ் இன்னைக்கு நம்ம நாட்டில் பரவுவதில்லை. அதனால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னால் பிறந்து பாதிக்கப்பட்டவங்க நம்ம குழுக்களில் இன்னும் பல பேர் இருக்காங்க. இப்போ நாற்பது, ஐம்பது வயசு.

அக்கா முந்திரி உடைக்கிறாங்க, தைக்கிறாங்க. இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தருகிற, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் அவங்களுக்குக் கிடைத்தது. எண்ணிப் பார்த்தால் அதில் நாலு சக்கரம். ஆனாலும் ஊரில் எல்லாரும் 'மூணு சக்கர வண்டி' என்றுதான் சொல்கிறோம். அந்த வண்டியில் அக்கா போகிற இடம் எல்லாம் வேலைக்கான இடம்தான். முந்திரிக் கம்பெனி, துணிக்கடை, வங்கி, ஆஸ்பத்திரி.

பிப்ரவரி மாதக் கூட்டத்தில் அக்கா 2,500 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டதும், "பிள்ளைங்களோட ரெண்டு நாள் ஊர் சுத்திப் பாக்கணும்"னு சொன்னாங்க. கூட்டமே சிரிச்சது. "மாடு வாங்கக் கேளு, மெஷின் வாங்கக் கேளு, சுத்திப் பாக்கவா கடன்?" என்றார் ஒருவர். அக்காவோட மாமியாரும் நம்ம உறுப்பினர்தான். "கால் இல்லாதவளுக்கு ஊர் சுத்தல் ஒரு கேடா" என்று அவரும் சொல்லிவிட்டார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "தணிக்கையில் கேள்வி வரும், பார்த்துக்குங்க"ன்னு சொன்னோம். சமூகப் பணி படித்துவிட்டு வந்தவர்கள் பேசிய பேச்சு அது.

அக்கா கோபப்படலை. மெதுவாத்தான் பேசினாங்க. "காதுகுத்துக்குக் கடன் கொடுத்தோம். தீபாவளிக்குக் கொடுத்தோம். அதுல என்ன வருமானம் வந்துச்சு? சந்தோஷத்துக்குத்தானே கொடுத்தோம்? முகாம் முகாம்னு சொல்றீங்களே, எனக்குத் தெரிஞ்ச முகாம் எல்லாம் அடையாள அட்டை முகாம், கால் அளவு எடுக்கிற முகாம், மனு கொடுக்கிற முகாம். காலையில போயி வரிசையில உக்காந்து சாயங்காலம் திரும்புவேன். யாரும் கூப்பிடாம, யாருக்கும் மனு கொடுக்காம, எம் பிள்ளைங்களோட ஒரு ராத்திரி நானா ஒரு முகாம் போடணும். அவ்வளவுதான்" என்றார்.

பிறகு இன்னொரு வார்த்தையும் சொன்னாங்க. "நம்ம ஊர்ல சூலை நோய் தீர்ந்த அப்பர், கயிலாயம் போறேன்னு கால் தேயத் தேய நடந்து, அப்புறம் உருண்டும் போனார்னு கதை கேட்டிருக்கோம். அவர் ஏன் போனார்னு யாரும் கேக்கலை. எனக்கு வண்டி இருக்கு. நான் போனா மட்டும் ஏன் கேக்கறீங்க?"

கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

வெளிநாடுகளில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் கூடாரம் ஏற்றிக்கொண்டு, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய் முகாம் போடுகிறவர்கள் உண்டு.  நம்ம அக்கா கேட்டதும் அதேதான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வாரம் 150 ரூபாய் வீதம் 12 வாரம் அக்கா தனி உண்டியலில் போட்டாங்க. அது 1,800. மீதி 700 ரூபாய் மட்டும் உள்கடன். தீர்மான நோட்டில் எழுதும்போது, "மருத்துவச் செலவுன்னு போட்டுடலாம், பிரச்சினை வராது" என்றார் ஒருவர். அக்கா ஒத்துக்கலை. "பொய் எழுத வேணாம். குடும்பத்தோட வெளியூர் போய்வரன்னு எழுதுங்க" என்றார். அப்படியே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

புறப்படுவதற்கு முன்னால் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறோம். வண்டி வைத்திருக்கிறவங்க கவனமாகக் கேளுங்க.

முதலாவது, ஓட்டுநர் உரிமம். "உனக்கெதுக்கு லைசென்ஸ், யார் பிடிக்கப் போறாங்க"ன்னு முன்பு ஒருவர் சொன்னதைக் கேட்டு அக்கா எடுக்காமலே இருந்தாங்க. உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் இழப்பீடு கேட்பதில் பெரிய சிக்கல் வரும். மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வண்டிக்கு என்றே சட்டத்தில் தனி உரிமம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பு இந்த வண்டிக்கு 'ஊனமுற்றோர் வண்டி' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று வைத்தார்கள். அக்கா எல்.எல்.ஆர். போட்டு, பிறகு உரிமமும் எடுத்துட்டாங்க.

இரண்டாவது, எத்தனை பேர் ஏறுவது. வண்டி அகலமா இருக்கு, நாலு பேரும் ஏறிக்கலாம்னு முதலில் பேச்சு. அது கூடவே கூடாது. சைடு வீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டுபவர் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான். அக்காவும் 12 வயசு மகளும் ஸ்கூட்டரில். வீட்டுக்காரரும் 8 வயசு மகனும் அவருடைய டிவிஎஸ் வண்டியில். நாலு வயசுக்கு மேல் எல்லாரும் ஹெல்மெட் போடணும் என்பது சட்டம். பிள்ளைங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் ரெண்டு வாங்கினாங்க. மொத்தச் செலவில் பாதி அதுக்குத்தான் போச்சு.

மூன்றாவது, கழிப்பறை. இதைப் பேச வெட்கப்படக் கூடாது. வெளியூர் போகணும்னா நம்ம பெண்கள் முந்தின நாளே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுறோம். கால் வராதவங்களுக்குக் குத்தவைக்கவும் முடியாது. அக்கா ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டிக்கிட்டாங்க. ஒரு சின்ன மண்வெட்டி, மறைப்புக்கு ஒரு பழைய சேலை. தோப்பில் குழி தோண்டி அதன்மேல் நாற்காலி போட்டு, பிறகு மண்ணைத் தள்ளி மூடியாச்சு. ஒருநாள்கூடத் தண்ணி குடிக்காம இருக்கலை.

மே மாதம் கத்திரி வெயில். அதனால் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவது, 11 மணியிலிருந்து 4 மணி வரை வண்டியைத் தொடக் கூடாது என்று முடிவு. நாங்கள் ரெண்டு பேர் எங்கள் வண்டியில் பின்னால் போனோம். திருவதிகையிலிருந்து பண்ருட்டி வந்து, காடாம்புலியூர் தாண்டி நெய்வேலி ஆர்ச் கேட். நகரியத்தின் உள்ளே நேர் நேரான சாலைகள், இருபுறமும் மர நிழல். அக்கா வண்டி அங்கே வழுக்கிக்கொண்டு போச்சு. தூரத்தில் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடு தெரிந்தது. "அம்மா, மலை!" என்றான் மகன். நிலக்கரி எடுக்க வெட்டின மண்ணு அது, ஒரு காலத்துல நெல்லும் முந்திரியும் விளைஞ்ச பூமின்னு அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததை அவன் அன்னைக்குத்தான் கண்ணால் பார்த்தான்.

மத்தியானம் வடலூர். வள்ளலார் 1867 மே மாதம் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி என்ன, ஊர் என்னன்னு யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் சாப்பாடு. அங்கே ஒரு அதிசயம். கேடு என்று பேசின மாமியார், ஒரு தூக்குச் சட்டியில் புளிச்சோறும் துவையலும் எடுத்துக்கிட்டு பஸ் பிடிச்சு வந்து காத்திருந்தாங்க! "ராத்திரிக்குப் பிள்ளைங்க என்ன திங்கும்" என்று மட்டும் சொன்னாங்க. வேறெதுவும் பேசலை. சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பிட்டாங்க.

நாலு மணிக்கு மேல் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிளம்பினோம். ஒரு வளைவில் எதிரே லாரி வர, அக்கா ஓரம் ஒதுங்கினாங்க. தார் ரோட்டின் விளிம்பிலிருந்து இடது சைடு வீல் மண்ணில் இறங்கி வண்டி சாஞ்சது. மகள் கத்திட்டா. அக்கா பிரேக்கை அழுத்தி நிறுத்திட்டாங்க. யாருக்கும் அடி இல்லை. ஆனா எங்களுக்கு உயிரே போயிடுச்சு. அக்கா சொன்ன பாடம் இது: "சாதா வண்டி வளைவில் சாயும். இது சாயாது. அதனால வேகமா வளைஞ்சா வெளிப்பக்கமாத் தூக்கும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். பின்பக்க அகலத்தை மறக்காம விளிம்பை விட்டுத் தள்ளி ஓட்டணும்." இறங்கிப் பார்த்தால் சைடு வீல் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. ஸ்பேனர் இருந்ததால் வீட்டுக்காரர் முடுக்கினார். வண்டி எடுக்கும் முன் தினமும் அந்த போல்ட்டுகளைப் பாருங்க.

ராத்திரி உறவுக்காரர் முந்திரித் தோப்பில் முகாம். சருகை எல்லாம் பெருக்கித் தள்ளி, ரெண்டு மரத்துக்கு நடுவில் கயிறு கட்டித் தார்ப்பாய் போட்டாங்க. வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு. தோப்புக்காரர் ஒரு பலாப்பழத்தை வெட்டிக் கொடுத்தார். மகள் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, "நீ வண்டி ஓட்டுறது நல்லா இருக்கும்மா" என்றாள். வெளியூர் போகும்போதெல்லாம் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவோடு மட்டும் போன பிள்ளை அது. அக்கா ஒன்றும் சொல்லலை, தலையைத் தடவிக் கொடுத்தாங்க.

மறுநாள் இருட்டோடு கிளம்பி, சூரியன் எழும்பும்போது கடலூர்க் கடற்கரை. மணலில் சைடு வீல் புதையும். சிமெண்டுத் தரை முடிகிற இடத்தில் அக்கா வண்டியை நிறுத்திட்டாங்க. வீட்டுக்காரர் தூக்கிட்டுப் போறேன்னார். "வேணாம், தூக்கிட்டுப் போனா அது நான் போனதாகாது" என்றார் அக்கா. பிள்ளைங்க மட்டும் ஓடிப்போய்க் கால் நனைச்சாங்க. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில், சக்கர நாற்காலி கடல் அருகே போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். புயலடித்தாலும் திரும்பப் போட முடிகிறது என்றால், எல்லாக் கடற்கரைக்கும் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் தடையில்லாமல் போய்வர வழி செய்யணும் என்றுதான் சொல்கிறது.

அங்கிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பத்து மணிக்கெல்லாம் திருவதிகை வந்து சேர்ந்தோம். இதோ கணக்கு. ரெண்டு வண்டிக்கும் பெட்ரோல் 520. ஹெல்மெட் 1,300. காற்று, பஞ்சர் பார்த்தது 150. சாப்பாடு, பால் 350. கயிறு, மெழுகுவத்தி, மற்றவை 180. மொத்தம் 2,500 ரூபாய். 700 ரூபாய் கடனில் முதல் தவணையை அக்கா இன்னைக்குக் கட்டிட்டாங்க.

சகோதரிகளே, நாம் குழு ஆரம்பித்தபோது 'வீட்டை விட்டு வெளியே வாங்க' என்று சொன்னோம். வந்தோம். வங்கிக்கு வந்தோம், அலுவலகத்துக்கு வந்தோம், கூட்டத்துக்கு வந்தோம். எல்லாமே ஒரு வேலைக்காக வந்ததுதான். வேலை இல்லாமலும், மனு இல்லாமலும் ஒரு பெண் வெளியே வரலாம் என்று அக்கா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும், விருப்பப்படுபவர்கள் பயணத்துக்கென்று ஒரு தனி உண்டியல் வைக்கலாம். சைடு வீல் வண்டி உள்ள உறுப்பினர் யாரும் உரிமம் இல்லாமல் இருக்கக் கூடாது, அதற்கு நாங்கள் கூட வருகிறோம். கடைசியாக, தீர்மான நோட்டில் கடனுக்கான காரணத்தை உள்ளபடி எழுதுவோம். சந்தோஷத்துக்கு வாங்கின கடனை நோய் என்று எழுத வேண்டாம்.

மாமியார் போன வாரம் எங்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "அடுத்த வருஷம் எந்தப் பக்கம் போறீங்க? பஸ் ரூட்டு இருக்கிற ஊராப் பாருங்க." அவங்க உண்டியலில் இதுவரைக்கும் 60 ரூபாய் சேர்ந்திருக்கு.