முகம் பார்த்துக் கேட்கும் மன்னிப்பு
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

‘உயிர்கள்பால் அருள்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இந்த அவையில் இப்பொருளைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. அகிம்சையைத் தாய்ப்பாலோடு பருகியவர்கள் நீங்கள். ஆகவே நம் நூல்களிலிருந்து தொடங்காமல், கடல் கடந்த நாட்டில் நான் கண்ட ஒரு கிறித்தவப் பேராலயத்திலிருந்து தொடங்குகிறேன். முடிவில் நம் ஊருக்கே வந்து சேர்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நியூஜெர்சியில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் என்னை நியூயார்க் நகரத்துப் புனித யோவான் பேராலயத்திற்கு அழைத்துச் சென்றாள். ஆங்கிலிக்கன் மரபைச் சார்ந்த அவ்வாலயத்திற்கு 1892ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானம் இன்னும் முழுமை பெறவில்லை. நீளம் மட்டும் 601 அடி. உலகின் மிகப் பெரிய தேவாலயங்களுள் அதுவும் ஒன்று.

அன்று அங்கே அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாள். 1226இல் மறைந்த அத்துறவி பறவைகளுக்கு அறவுரை பகர்ந்தார் என்றும், ஊரை அச்சுறுத்திய ஓநாயை அன்பினால் பணியவைத்தார் என்றும் கிறித்தவர் கூறுவர். அவருடைய நாள் அக்டோபர் 4. அதனையொட்டிய ஞாயிறன்று, 1985 முதல் அப்பேராலயத்தில் விலங்குகளுக்கு ஆசி வழங்கும் விழா நடைபெற்று வருகிறது. பால் வின்டர் என்னும் இசைஞர் இயற்றிய ‘பூமித்தாயின் வழிபாடு’ அப்போது இசைக்கப்படும். ஓநாயின் ஊளையும் திமிங்கிலத்தின் குரலும் அவ்விசையில் கலந்து ஒலிக்கும்.

மக்கள் தத்தம் நாய், பூனை, கிளி, ஆமை, முயல் ஆகியவற்றோடு இருக்கைகளில் அமர்ந்திருந்தனர். பின்னர் முன்வாயிலின் பெரிய வெண்கலக் கதவுகள் திறந்தன. ஒட்டகமும் பருந்தும் பாம்பும், தேனீக்கள் வாழும் கூடும், கண்ணாடிக் கலத்தில் நீர்ப்பாசியும் நடுவழியே கொண்டுவரப்பட்டன. முன்னாட்களில் யானையும் வந்ததுண்டாம். வழிபாடு முடிந்தபின் குருமார் வெளியே புல்வெளியில் நின்று, ஒவ்வோர் உயிராகத் தொட்டு ஆசி கூறினர்.

ஐந்தறிவு உயிர்களோடு நில்லாமல் தேனீயையும் பாசியையும் கூட அவர்கள் அழைத்து வந்தது என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஓரறிவு உயிர் முதலாக எண்ணிக் கணக்கிட்டவர்கள் நாம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அவ்வாறே வகுத்துக் காட்டுகிறார். நம் சமவசரணத்தை நினைவுகூருங்கள். ஜினர் அருளுரை வழங்கும் அப்பேரவையில் பன்னிரு கணங்கள் அமர்கின்றன. அவற்றுள் பன்னிரண்டாவது விலங்குகளின் கணம். சிங்கமும் பசுவும் பகை மறந்து அங்கே அமர்ந்திருக்கின்றன. ஓவியத்தில் மட்டுமே நான் கண்டிருந்த அவையின் ஒரு சிறு சாயலை, வேறொரு சமயத்தாரின் கோயிலில் கண்ணாரக் கண்டேன்.

ஆயினும் அன்று என் உள்ளத்தில் இரண்டு மறுப்புகள் எழுந்தன. அவற்றை மறைக்க விரும்பவில்லை. முதலாவது, ஓர் உயிர்க்கு இன்னொருவர் ஆசியால் நன்மை கொடுக்க இயலுமா என்பது. வினையின் பயனை அவ்வவ்வுயிரே துய்க்க வேண்டும் என்பது நம் கொள்கை. இரண்டாவது, ஒட்டகத்தையும் பருந்தையும் பெருநகரின் இரைச்சலூடே கொண்டுவருவது அவற்றிற்குத் துன்பமன்றோ என்பது. ஆசி பெறும் விழாவே அவ்வுயிர்க்கு அச்சம் தருமாயின், அவ்வாசி யாருக்காக?

இவ்வாறு எண்ணியபடி புல்வெளியில் நின்றபோது, முதியவர் ஒருவர் தம் நாயைக் கைகளில் ஏந்தி வரிசையில் வந்தார். நாய்க்கும் முதுமை, நடக்க இயலவில்லை. குருவானவர் அதன் தலையில் கைவைத்து, அதன் பெயரைக் கேட்டு, அப்பெயரைச் சொல்லி ஆசி கூறினார். முதியவர் கண்ணீர் மல்க அதன் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தார்.

அக்கணத்தில் என் நினைவு செம்மங்குப்பத்திற்கு ஓடியது.

எங்கள் வீட்டில் மயிலைக்காளை ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் ஏரையும் வண்டியையும் இழுத்தது. கடலூர்ச் சந்தைக்கு நெல் கொண்டு சென்றதும், என்னைச் சிறுவனாகச் சுமந்து சென்றதும் அதுவே. கால் தளர்ந்தபின் என் தந்தையார் அதைத் தரகர் ஒருவரிடம் விற்றார். வறுமை மிகுந்த ஆண்டு. அவரைக் குறை கூறேன். தரகர் அதை எங்கே கொண்டுசெல்வார் என்பது எங்கள் எல்லோர்க்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அப்போது தமிழ் முதுகலை பயின்றுகொண்டிருந்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்தபோது காளை வாயிற்படியைத் திரும்பிப் பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே சென்றேன்.

அன்றும் நாங்கள் கதிரவன் மறையுமுன் உணவு உண்டோம். நீரை வடிகட்டியே பருகினோம்.

அன்று மாலை வகுப்பிற்காக நான் படித்தது யசோதர காவியம். உயிர்ப்பலி கொடுக்க அஞ்சி, மாவினால் செய்த கோழியை வெட்டிய மன்னனும் அவன் தாயும், மயிலாகவும் நாயாகவும் தொடங்கி விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்ற வரலாறு அது. மாக்கோழியை வெட்டிய எண்ணமே வினையாயிற்று என்று விளக்கவுரை எழுதினேன். மதிப்பெண்ணும் பெற்றேன். உயிருள்ள காளை பற்றி அவ்வேட்டில் ஒரு வரியும் இல்லை.

அன்பர்களே, நாம் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டும் மரபினர். ஆசி வழங்குவோர் மேலிருந்து கொடுக்கிறார்கள். நாமோ கீழிருந்து கேட்கிறோம். இதனினும் உயர்ந்த வழிபாட்டை நான் அறியேன். ஆனால் ‘எல்லா உயிர்களும்’ என்று சொல்லும்போது நம் கண்முன் ஓர் உயிரும் நிற்பதில்லை. நாற்பது ஆண்டுகள் அச்சொற்களைச் சொன்ன நான், ஒருமுறையேனும் அந்த மயிலைக்காளையை நினைத்துச் சொன்னதில்லை. வேற்றுச் சமயத்தார் கோயிலில், வேற்று நாட்டு நாயின் முகத்தைக் கண்டபோதுதான் என் நா முதன்முதலாக அதனிடம் மன்னிப்புக் கேட்டது.

நேமிநாதர் திருமண ஊர்வலத்தில் சென்றபோது, விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலத்தைக் கேட்டுத் தேரைத் திருப்பினார். அவரைத் துறவுக்குத் திருப்பியது அந்தப் பட்டியின் குரலே.

முகம் பார்த்துச் செய்யும் அறத்திற்கு நம்மவரிடையேயும் சான்று உண்டு. டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைனர் செங்கோயிலின் வளாகத்தில் பறவைகள் மருத்துவமனை இயங்குகிறது. சிறகொடிந்த புறாவையும் கிளியையும் கட்டணமின்றிப் பேணி, நலம் பெற்றபின் வானில் விடுகிறார்கள். இங்கே வானில் விடுவதே ஆசி என்பேன். நான் கண்ட நியூயார்க் பேராலயமும் அத்தகைய செயலைச் செய்தது. அதன் தோட்டத்தில் நெடுநாள் உலவிய மூன்று மயில்கள் முதுமை எய்தியபோது, 2023இல் அவற்றை விலங்குக் காப்பகம் ஒன்றிற்கு அனுப்பிவைத்தார்கள். தானே உதிர்ந்த மயிற்பீலியைக் கையில் ஏந்தி, எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் முனிவர்களின் மரபில் வந்த எனக்கு, அச்செய்தி பெருமகிழ்ச்சி அளித்தது.

நிறைவாக, இந்த அறக்கட்டளையின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, கோடை தொடங்குமுன் நம் ஜினாலயங்களின் வெளிவாயிலில் கால்நடைகளுக்கும் நாய்களுக்கும் பறவைகளுக்கும் தண்ணீர்த்தொட்டி அமைத்து, நாள்தோறும் கழுவி நிரப்பும் பொறுப்பை நம் சிறுவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மற்றொன்று, நம் குடும்பங்களில் உழைத்து ஓய்ந்த மாடு ஒன்றேனும் தரகர் கைக்குப் போகாதபடி, அதன் தீவனச் செலவை ஏற்கும் சிறு நிதி ஒன்றைத் தொடங்க வேண்டும். அதற்கு என் ஓய்வூதியத்திலிருந்து முதல் தொகையை இன்றே அளிக்கிறேன். இது கொடை அன்று, பழைய கடன்.

கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் பாடலிபுரம் எனப்பட்ட நம் திருப்பாதிரிப்புலியூரில் அமர்ந்து லோகவிபாகம் எழுதினார். உலகின் பகுப்பையெல்லாம் அளந்து சொன்ன மண் இது. இம்மண்ணில் நம் வாயிலில் நிற்கும் உயிரை நாம் நின்று பார்ப்போமாக. அடுத்த முறை மன்னிப்பு வேண்டும்போது, ஓர் உயிரின் முகத்தையாவது நினைத்துக்கொண்டு வேண்டுங்கள். என் கண்முன் மயிலைக்காளை நிற்கும்.