சத்தம் எங்கிருந்து வருது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. முன்னால் பேசிய அக்காமார்கள் கடன் வாங்கி மாடு வாங்கினது, தையல் மிஷின் போட்டது என்று சொன்னார்கள். நான் கேட்ட கடன் கிடைக்காமல் போன கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க, அதனால் எனக்கு லாபம்தான்.

எங்க வீட்டுக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர் நேராக வருகிறது. மேல்நிலைத் தொட்டி தெருமுனையிலேயே இருப்பதால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் விட்டதும் நல்ல வேகமாக வரும். போன மார்கழியில் ஆரம்பித்தது அந்தச் சத்தம். குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தால் 'ஊ' என்று ஒரு ஊளை. சுவரில் போகிற பைப் எல்லாம் நடுங்கும். மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு, அவங்க கண் அயர்வதே மூன்று மணிக்கு மேல்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, விடியற்காலைதான் அவள் படிக்கிற நேரம். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். சத்தம் வேண்டாமே என்று குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால், ஊளை இன்னும் அதிகமாகும். மூடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவேன்.

குழாய் வேலை செய்கிற ஒருவர் அவசரமாக வந்து பார்த்துவிட்டு, "லைன் பழசாயிடுச்சும்மா, மொத்தமா மாத்திடலாம், ஆறாயிரம் ஆகும்" என்றார். நானும் குழுக் கூட்டத்தில் ஆறாயிரம் உள்கடன் கேட்டேன்.

எங்க குழுவில் மூத்த அக்கா கேட்டார்: "சத்தம் எப்ப வருது? திறக்கும்போதா, மூடும்போதா? எந்தக் குழாயில வருது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "என்ன கோளாறுன்னே தெரியாம ஆறாயிரம் எதுக்கும்மா? நாலு நாள் கவனிச்சிட்டு வா" என்றார். தீர்மானப் புத்தகத்தில் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்து எழுதிவிட்டார்கள். எட்டு வருஷமா ஒரு தவணை தவறாம கட்டினவளுக்கு இதுதான் மரியாதையா என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆனாலும் மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, அது ஒரு சத்தம் இல்லை, மூன்று சத்தம்.

முதலாவது, குடம் பிடிக்கிற குழாய். பாதி திறந்தால் ஊளை, முழுசாகத் திறந்தால் நின்றுவிடும். அப்படியென்றால் கோளாறு லைனில் இல்லை, குழாய்க்குள்ளே. வெளியே இருக்கிற வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட்டேன். குழாயின் உடம்பை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுவருக்குள் இருக்கிற பைப் திருகிக்கொள்ளும். இன்னொரு ஸ்பேனரால் மேல்பாகத்தைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் வாஷர் கிழிந்து, தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சமாகத் திறக்கும்போது இடுக்கு வழியே தண்ணீர் வேகமாகப் பாயும். அப்போது தளர்ந்த வாஷர் நாதஸ்வரச் சீவாளி மாதிரி துடிக்கும். அதுதான் அந்த ஊளை. நான் பல்லைக் கடித்து இறுக்கினதுதான் அதை இன்னும் கிழித்திருக்கிறது. பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்கிப் போட்டேன்.

இரண்டாவது, குளியலறை. அங்கே கால் சுற்றில் மூடுகிற குழாய். சின்னவன் படக்கென்று மூடினால் 'டம்' என்று சுவரே அதிரும். பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோம் இல்லையா? ஓடி வருகிற தண்ணீரும் அப்படித்தான், சட்டென்று நிறுத்தினால் அந்த வேகம் பைப்பில் மோதும். பைப்பைப் பிடித்திருந்த கிளாம்ப் இரண்டு கழன்று தொங்கின. மூன்றடிக்கு ஒன்றாகக் கிளாம்ப் அடித்தேன். மெதுவாக மூடு என்று பையனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்துதான் அந்த அதிர்ச்சி அடங்கியது.

மூன்றாவது, கொல்லைத் தொட்டி நிறைகிற நேரத்தில் மட்டும் 'கடகட' என்று வரும். தொட்டியில் மிதக்கிற பந்து வைத்த வால்வு இருக்கிறது. அலையில் பந்து ஏறி இறங்க, வால்வும் மூடி மூடித் திறக்கிறது. அது எனக்குக் கைவரவில்லை. அதே குழாய்க்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, லைன் வேண்டாம், இந்தப் பந்து வால்வை மட்டும் பாருங்க" என்றேன். அவரும் ஒத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்.

வாஷர், கிளாம்ப் எல்லாம் 90 ரூபாய். பந்து வால்வும் கூலியும் 650. மொத்தம் 740 ரூபாய். அடுத்த கூட்டத்தில் கணக்கை வைத்து, கடன் மனுவை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாமியார் எழுந்து வந்து, "ஏம்மா, இன்னிக்குத் தண்ணி விடலியா?" என்று கேட்டார். நிறைந்த குடத்தைக் காட்டினேன்.

அக்கா கடன் தர மறுக்கவில்லை, கேள்விதான் கேட்டார் என்று இப்போது புரிகிறது. நாம் சேர்த்த பணம் போவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று கேட்கிறதும் குழுவோட வேலைதான். ஒரே ஒரு கோரிக்கை: கூட்டமைப்பு அலுவலகத்தில் இரண்டு ஸ்பேனரும் பத்து வாஷரும் பொதுவாக வாங்கி வையுங்கள். கழற்றி மாட்ட நான் வந்து சொல்லித் தருகிறேன்.