பியானோ வாங்கிய அம்மா
(மகளிர் தின விழாவில் பேசியது)

சாதித்த பெண் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சவங்களை விட்டுட்டு, அமெரிக்காவின் லியோன்டைன் பிரைஸ் என்ற பாடகியை எடுத்துக்கிட்டேன்.

1927-ல் மிசிசிப்பி மாநிலம் லாரல் ஊரில் பிறந்தவர். அப்பா மர மில்லில் வேலை. அம்மா பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, சர்ச்சில் பாடுவார். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே தனி என்று இருந்த காலம். அந்த நிலைமையிலும் மகளுக்காக, வீட்டுல இருந்த கிராமபோனை முன்பணமா வச்சு ஒரு பியானோ வாங்கினாங்க.

எனக்கு இந்த இடம்தான் பெரிசு. நம்ம குழுவுல கறவை மாடு, தையல் மிஷின்னா உடனே தீர்மான நோட்டுல எழுதுறோம். பொண்ணு பாட்டு கத்துக்கணும்னு ஒருத்தி கடன் கேட்டா, "இதுல என்னக்கா வருமானம்?"னு கேக்க மாட்டோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

பிரைஸும் முதலில் பாட்டு டீச்சர் ஆகத்தான் படிக்கப் போனார். அங்கேதான் குரலைக் கண்டுபிடிச்சாங்க. பிறகு நியூயார்க்கில் ஜூலியார்ட் இசைப்பள்ளி. உதவித்தொகை போக மீதிச் செலவுக்கு, அவரோட அத்தை வீட்டு வேலை பார்த்த குடும்பமே கை கொடுத்தது.

அவர் சொப்ரானோ. பெண் குரலிலேயே உயர்ந்த ஸ்தாயி. ஓபராவில் மைக் கிடையாது. அத்தனை வாத்தியத்தையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேக்கணும். நம்ம கோயில் திருவிழாவுல ரெண்டு ஸ்பீக்கர் வச்சும் கேக்க மாட்டேங்குது!

1955-ல் டிவியில் 'டோஸ்கா' ஓபராவில் பாடினார். கறுப்பினப் பெண் கதாநாயகியா என்று தென்மாநிலங்களில் சில நிலையங்கள் ஒளிபரப்பவே இல்லை. 1960-ல் இத்தாலியின் லா ஸ்காலா மேடையில் 'ஐடா'வாகப் பாடினார். 1961 ஜனவரி 27-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதல் நாள் பாடி முடித்தபோது கைதட்டல் அடங்க 40 நிமிஷத்துக்கு மேல ஆச்சாம். 1966-ல் அதே ஓபராவின் புது அரங்கத் திறப்பு விழாவுக்கு இவர்தான் கிளியோபாட்ரா. ஒத்திகையில மேடைப் பிரமிடுக்குள்ளயே மாட்டிக்கிட்டாராம், பாவம்.

1985-ல், 57 வயசுல, குரல் நல்லா இருக்கும்போதே ஓபரா மேடையிலிருந்து விடைபெற்றார். கடைசியாப் பாடினதும் 'ஐடா'தான்.