செம்மொழிச் சாலையும் கால்டுவெல்லும்

சென்னையை அடுத்த தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் வந்தால் மேடவாக்கம் கூட்டுரோடு. அங்கிருந்து சோழிங்கநல்லூருக்குப் பிரியும் சாலைக்குச் செம்மொழிச் சாலை என்று பெயர். பெரும்பாக்கம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இன்னொரு பக்கம் கூழைக்கடாவும் நாரையும் வந்திறங்கும் சதுப்பு. நடுவே செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். தமிழைச் செம்மொழி என்று மத்திய அரசு அறிவித்த நாள் 2004 அக்டோபர் 12. இங்கே புதிய வளாகம் திறந்த நாள் 2022 ஜனவரி 12. தொல்காப்பியம் முதல் முத்தொள்ளாயிரம் வரை 41 பழந்தமிழ் நூல்களை ஆராய்வதும் பதிப்பிப்பதும் மொழிபெயர்ப்பதும் இங்கே நடக்கும் பணி.

இந்த நிறுவனத்தின் வாசலில் நிற்கும்போது மே 7-ஆம் நாளும் நினைவுக்கு வர வேண்டும். 1814-இல் அந்த நாளில் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், கிளாடி என்ற சிற்றூரில் பிறந்தார் ராபர்ட் கால்டுவெல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், படித்தது கிளாஸ்கோவில். 1838 ஜனவரியில் சமயப் பணிக்காகச் சென்னையில் வந்திறங்கியவர், பிறகு நெல்லைச் சீமையின் செம்மண் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்குப் போனார். அரை நூற்றாண்டு அதுவே அவர் ஊர்.

1856-இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அவர் வேலை செய்த முறையைப் பாருங்கள். தமிழில் மூன்று, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. தமிழில் கண், கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு. எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேற்றுமை உருபு, வினை விகுதி என்று ஒவ்வொன்றாக அடுக்கி, இம்மொழிகள் ஒரே குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று நிறுவினார். 1816-லேயே சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைச் சொல்லியிருந்தார். ஆனால் உலகம் மறுக்க முடியாதபடி விரித்து எழுதியவர் கால்டுவெல்தான்.

1891 ஆகஸ்ட் 28-இல் கொடைக்கானலில் மறைந்தார். அடக்கமானது இடையன்குடி தேவாலயத்தில். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தோம்.

சிலைக்கு மாலை போடுவது நல்ல மரபு; அது தொடரட்டும். ஆனால் மொழியை ஆராய்ந்தவருக்கு மொழியைப் படிப்பதே ஏற்ற அஞ்சலி. வரும் மே 7 அன்று, அந்த 41 நூல்களில் ஒன்றை எடுத்து, வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படியுங்கள்.